போலீஸ் மேல் புகார்... விசாரிப்பதும் போலீசா?

தூத்துக்குடி: சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் போலீசார் பிடித்துச்சென்ற செல்போன் கடைக்கார அப்பாவும் மகனும் அடுத்தடுத்து இறந்தனர். 2025 ஜூனில், சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் போலீஸ் விசாரணைக்குப் போன கோயில் காவலாளி பலி. ரெண்டு ஊரிலும் மக்கள் கொதித்தார்கள்.

போலீஸ் மேல் வரும் புகாரை விசாரிக்க, மாவட்டந்தோறும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையில் ஆணையம் வேண்டும் என்று 2006-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஆனால் தமிழக அரசின் 2013 சட்டம் கலெக்டரைத் தலைவராக்கி, எஸ்.பி.யை உறுப்பினராக்கியது. தன் ஸ்டேஷன் மேல் வரும் புகாரை எஸ்.பி.யே விசாரிச்சா எப்படி?

சஸ்பெண்டு, நிவாரணம் எல்லாம் உயிர் போன பிறகுதான். கூலித் தொழிலாளி பயமில்லாமல் புகார் கொடுக்கணும்னா, அந்த நாற்காலியில் நீதிபதிதான் உட்காரணும்.