சிரிக்கத் தெரிந்த விஞ்ஞான நாவல்

எதிர்பார்த்தலும் வாசிப்பின் ஒரு கூறே. மனத்துக்கு உகந்த ஆசிரியரின் அடுத்த நாவல் வருகிறதென்று அறிந்த நாள்முதல் அது கைக்கு எட்டும்வரை, நாமே மனத்துள் எழுதிப் பார்க்கும் நாவல் ஒன்றுண்டு. அச்சேறி வருவது சில வேளை அதனிலும் தாழ்ந்ததாய் அமைந்துவிடும்; அது வேறு சங்கதி. இத்தகைய எதிர்பார்ப்பை எனக்கு முழுமையாகத் தந்த நூல், ‘என் இனிய இயந்திரா’வைத் தொடர்ந்து ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய ‘மீண்டும் ஜீனோ’.

தமிழ்நாட்டு வார இதழ்கள் எண்பதுகளில் தீவகத்துக்கு ஒழுங்காக வந்து சேர்ந்தனவல்ல. சில கிழமைகளில் இதழே வராது. அப்போது ஊர்காவற்றுறையில் வாசகர் நாலு பேர் கூடினால், வராத அத்தியாயத்தை ஆளுக்கொரு விதமாய்ச் சொல்லி முடிப்போம். இயந்திர நாயாகிய ஜீனோ எங்கள் வாயில் எத்தனை முறை இறந்து எத்தனை முறை பிழைத்தது என்பதை ஆசிரியர் அறிந்திருப்பின் மிரண்டு போயிருப்பார்.

அந்த நாயிடத்தில் எங்களை ஈர்த்தது எது? விஞ்ஞானமன்று. 2021 ஆம் ஆண்டு இந்தியாவை ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆள்கிறான். மக்களுக்கு ஈரெழுத்துப் பெயர். பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். அச்சமூட்டும் கற்பனைதான். ஆயினும் அந்த அச்சத்தின் நடுவே ஒரு பொம்மை நாய் புத்தகம் படிக்கிறது, குறும்பு பேசுகிறது, எசமானி நிலாவுக்கே புத்தி சொல்கிறது. அதன் குறும்பு இல்லாவிடில் அந்நாவல் ஓர் அரசியல் எச்சரிக்கையாக மட்டும் நின்றிருக்கும். சிரித்துக்கொண்டே படித்தமையாற்றான் ஜீவாவின் அரசு எத்துணைக் கொடியது என்பது எங்களுக்கு உறைத்தது. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியலாளராகப் பணிபுரிந்தவர் சுஜாதா. பொறிகளோடு பழகியவர் பொறியைக் கண்டு வியந்து வாய் பிளப்பதில்லை. அதனைக் கேலி செய்யும் உரிமை அவருக்குண்டு. நம்மிற் பலர் எழுதும் விஞ்ஞானக் கதைகள் ஒன்று பாடப்புத்தகமாகின்றன, அல்லது பேய்க்கதையாகின்றன. கேலி செய்யுமளவுக்கு அவற்றின் ஆசிரியர்கள் விஞ்ஞானத்தோடு பழகவில்லை என்பதே என் கட்சி.

2008 பெப்ரவரி 27 இல் சுஜாதா மறைந்தார். மூன்று கிழமை கழித்து, மார்ச் 19 இல், கொழும்பிலே ஆர்தர் சி. கிளார்க்கும் மறைந்தார். அவரும் மதுச்சாலையில் அளக்கும் புளுகுகளாக விஞ்ஞானக் கதைகளை எழுதி நகைக்க வைத்தவரே. அதன்பின் நான் எதிர்பார்த்திருக்க ஆசிரியர் பெயரொன்று இல்லை. ஆயினும் எதிர்பார்ப்பு நின்றுவிடவில்லை. அது இடம் மாறி இப்போது எங்கள் தீவகத்தையே நோக்கி நிற்கிறது.

இதைச் சொன்னதும் நண்பர் சிலர் முகஞ் சுளிக்கின்றனர். இத்தனை துயருக்குப் பின் சிரிப்பா என்பது அவர்கள் வினா. வினாவின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. 1985 மே 15 ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகில் இருந்த பொதுமக்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதனை எழுதியே ஆகவேண்டும், இன்னும் எழுதவேண்டும். ஆனால் எங்கள் தீவுகளைப் பற்றிய எழுத்தனைத்தும் இறந்தகாலத்திலேயே நடைபெறுவதைக் கவனித்தீர்களா? பாழடைந்த வீடு, தூர்ந்த கிணறு, புலம்பெயர்ந்தவரின் ஏக்கம். 2080 இல் நெடுந்தீவில் மனிதர் வாழ்வர், சண்டை பிடிப்பர், விலைவாசியைத் திட்டுவர் என்று எண்ணிப் பார்க்கும் ஒரு நாவலையேனும் நான் கண்டதில்லை. வருங்காலத்தைக் கேலி செய்வதற்கு, முதலில் வருங்காலம் ஒன்று உண்டென்று நம்பவேண்டும். நண்பர்களுக்கு நான் சொல்லும் விடை இவ்வளவே.

மரபு இல்லையென்று சொல்லவும் இயலாது. சிவஞானசுந்தரத்தின் ‘சிரித்திரன்’ யாழ்ப்பாணத்தைச் சிரிக்க வைத்த ஏடு. செங்கை ஆழியானோ ‘ஆச்சி பயணம் போகிறாள்’ என நகைச்சுவையும் எழுதினார், ‘வாடைக்காற்’றில் நெடுந்தீவையும் எழுதினார், புவியியல் கற்றவர் வேறு. நகைச்சுவை, தீவின் அறிவு, விஞ்ஞானப் பயிற்சி மூன்றும் ஒருவரிடமே கூடியிருந்தன. அவரும் இன்றில்லை.

பொருளுக்கோ பஞ்சமேயில்லை. ஜீனோ வாழ்ந்த அதே 2021 இல், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றும் வெயிலும் கொண்டு மின்சாரம் ஆக்கும் திட்டம் சீனக் கம்பனியொன்றுக்கு அளிக்கப்பட்டது. இந்தியா கவலை கொண்டது, திட்டம் நின்றது. 2024 மார்ச்சில் இந்தியாவின் நன்கொடையோடு அதே மூன்று தீவுகளுக்கும் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று: காற்றால் 530 கிலோவாற், வெயிலால் 1,700 கிலோவாற், மின்கலச் சேமிப்பு, இவை யாவும் கைவிட்டால் உதவ 2,500 கிலோவாற் டீசல் இயந்திரம்! எங்கள் கூரைமேல் விழும் வெயிலுக்கு ஆசியாவின் இரு பேரரசுகள் போட்டியிட்டன என்பதைச் சுஜாதாவே கற்பனை செய்திருந்தால், பத்திராதிபர் நம்பத்தகாததென்று அடித்திருப்பார். ஆடிக்காற்றில் பனையோலை பறக்கும் ஊரில், காற்றுக்கு யார் சொந்தக்காரர் என்று இரு காற்றாடிகள் வழக்காடுவதை எழுத ஓர் இளைஞனோ யுவதியோ இல்லையா? நெடுந்தீவில் தூதுப் புறாக்களுக்கென எழுப்பிய பழங்காலக் கூடு இன்றும் நிற்கிறது. அதன்மேற் செய்மதி அலைவாங்கி ஒன்றைப் பொருத்தி, புறாக்கள் அதனோடு என்ன பேசின என்று எழுதினாலே முதல் அத்தியாயம் முடிந்துவிடும்.

உயர்தர வகுப்பில் பௌதிகம் படிக்கும் தீவகத்து மாணவர் எவரோ இதனை எழுதுவார் என்று காத்திருக்கிறேன். அவருக்கு ஒரேயொரு வேண்டுகோள்: நாய் வேண்டாம். ஜீனோவோடு போட்டியிட எவராலும் இயலாது. நெடுந்தீவில் குதிரைகள் இருக்கின்றன.