501-வது யூனிட்டுக்கு ரூ.243? கரண்ட் பில் திடீர்னு எகிறுவது எப்படி?

2025 ஜூலை 1 முதல் தமிழகத்தில் மின் கட்டணம் 3.16% உயர்ந்தபோது வீடுகளுக்கு விலக்கு கிடைத்தது. 2024 ஜூலை ரேட்தான் தொடர்ந்தது. அப்புறம் ஏன் சில வீடுகளில் பில் எகிறியது? பல நேரம் காரணம், 500 யூனிட் கோடு.

2025 கணக்குப்படி, இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் என்றால், முதல் 100 இலவசமாக இருந்தது. அடுத்த 100-க்கு யூனிட் ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, கடைசி 100-க்கு ரூ.6.30. மொத்தம் ரூ.1,805. அதுவே 501 ஆனால் ரூ.2,048.40! அந்த ஒரு யூனிட்டின் விலை ரூ.8.40தான். ஆனால் 101-200க்கான ரூ.2.35 சலுகையும் சேர்ந்து போய், அதற்கும் ரூ.4.70 கணக்கானது.

இதில் அதிகம் அடிபடுவது பேரிகை, ஓசூர் பக்கம் ஒரே மீட்டரில் வாடகைக்கு இருக்கும் தொழிலாளர் குடும்பங்கள். அதே 2025 கணக்கில், தலா 200 யூனிட் ஓட்டும் மூன்று குடித்தனத்துக்கு தனித்தனி மீட்டர் என்றால் மொத்தமே ரூ.705. ஒரே மீட்டரில் 600 யூனிட் என்றால் ரூ.2,880. வீட்டு ஓனரிடம் பேசி தனி இணைப்பு கேட்பதுதான் இதற்கு வழி.

எல்லைக்கு அந்தப் பக்கம் மாலூரிலும் கோடு உண்டு. கர்நாடகாவின் கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட்டை தாண்டினால் முழு பில்லையும் கட்டணும்.

தனி மீட்டர் இருப்பவர்கள், கடைசி ரீடிங்கை இப்போது மீட்டர் காட்டும் எண்ணில் கழித்துப் பாருங்கள். 30 நாளிலேயே 250-ஐ தாண்டியிருந்தால் முதலில் கை வைக்க வேண்டியது, ஓசூர் குளிருக்கு ஓடும் கீசரில்.