டீச்சர், ஒண்ணுக்குப் போகணும்!

நவம்பர் 14 வந்தால் பள்ளிக்கூடங்களில் நேரு படம், மாறுவேடப் போட்டி, ஆளுக்கு ரெண்டு சாக்லேட். அதே தேதிதான் உலக நீரிழிவு தினமும். இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பேன்டிங் பிறந்தது 1891 நவம்பர் 14 என்பதால் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். குழந்தைகள் தினமும் சர்க்கரை தினமும் ஒன்றாக வருவது தற்செயல்தான். ஆனால், குழந்தைக்கும் சர்க்கரை வரும் என்பதை நம்முடைய பள்ளிக்கூடங்கள் இன்னும் நம்பின மாதிரி தெரியவில்லை.

'சின்னப் புள்ளைக்கு சுகரா? மிட்டாயா வாங்கிக் குடுத்திருப்பீங்க!' என்பதுதான் முதல் தீர்ப்பு.

இல்லை சார். உங்களுக்கும் எனக்கும் நாற்பதைத் தாண்டி, தொப்பையோடு வருகிற சர்க்கரை வேறு. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வருவது 'டைப் 1'. உடம்பின் எதிர்ப்பு சக்தியே தடம் மாறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. மிட்டாய் காரணமில்லை. பெற்றோரின் அஜாக்கிரதையும் காரணமில்லை. தொற்றாது. மாத்திரை, பாகற்காய், கஷாயம் எதுவும் இன்சுலினுக்கு ஈடாகாது. தினமும் ஊசி, ஆயுசுக்கும் ஊசி. 20 வயதுக்குட்பட்ட இந்தப் பிள்ளைகள் இந்தியாவில் சுமார் 2 லட்சத்து 29 ஆயிரம் பேர் என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2021-ல் மதிப்பிட்டது. உலகத்திலேயே இங்கேதான் அதிகம்.

இன்சுலின் வருவதற்கு முன்னால் இந்தக் குழந்தைகளைப் பட்டினி போட்டு நாளைத் தள்ளிப்போடுவார்கள். அவ்வளவுதான் வைத்தியம். 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோவில் லெனார்ட் தாம்ஸன் என்ற 13 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். நம் ஊர் எட்டாம் வகுப்பு வயசு. எடை 29 கிலோ. அவன் அதற்குப் பிறகு 13 வருஷம் வாழ்ந்தான். காப்புரிமையை ஆளுக்கு ஒரே ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். மருந்து வந்து நூறு வருஷம் தாண்டிவிட்டது. அதை வகுப்பில் பயமில்லாமல் போட்டுக்கொள்ள மட்டும் நம் பிள்ளைகளுக்கு இன்னும் வழி பிறக்கவில்லை.

வேடசந்தூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து திண்டுக்கல் டவுன் பள்ளிக்கு வருகிற எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அம்மாவுக்கு நூற்பு மில்லில் வேலை. காலை ஏழு மணிக்கு ஊசி. ரெண்டு இட்லியை விழுங்கிவிட்டு பஸ்ஸுக்கு ஓட்டம். கூட்டத்தில் நின்றுகொண்டே பயணம். உள்ளே போன இன்சுலின் பஸ் லேட்டானால் காத்திருக்காது. அது பாட்டுக்குச் சர்க்கரையை இறக்கிக்கொண்டிருக்கும்.

பதினோரு மணிக்குக் கை நடுங்குகிறது. வியர்க்கிறது. கரும்பலகை மங்குகிறது. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் வருகிறது. 'என்னடி தூக்கம்? எந்திரிச்சு நில்லு!'

இன்னொரு நாள் நேர்மாறு. சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. தாகம், தண்ணீர், திரும்பத் திரும்பப் பாத்ரூம். 'இப்பத்தானடி போயிட்டு வந்த? இன்டர்வல்ல போ!' நாற்பது பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். மறுநாளிலிருந்து அந்தப் பெண் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறாள். சர்க்கரை ஏறின உடம்புக்குத் தண்ணீரும் இல்லையென்றால் நேராக ஆஸ்பத்திரிதான்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு ஊசி. எங்கே போட்டுக்கொள்வாள்? யாரும் பார்க்காத இடம் பள்ளியில் ஒன்றுதான் இருக்கிறது. கழிப்பறை. நம் பள்ளிக் கழிப்பறைகளின் லட்சணம் தெரியுமல்லவா? அங்கே நின்று நீங்கள் ஒரு வாய் தண்ணீர் குடிப்பீர்களா? ஒரு குழந்தை அங்கே நின்று தன் வயிற்றில் ஊசி குத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆசிரியர்களைக் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஐம்பது பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற டீச்சருக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பி.எட்.டில் உளவியல் நடத்துகிறார்கள். வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்பதை அதே அக்கறையோடு நடத்துகிறார்களா? திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். பிள்ளைக்கு வெட்டி வெட்டி இழுத்தால் கையில் சாவிக் கொத்தைக் கொடுப்பதும் நம் ஊர் வழக்கம். சர்க்கரை இறங்கி வருகிற வலிப்பை எந்தச் சாவியும் திறக்காது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போனாலோ, போயிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலோ, மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சாதா சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வைக்க வேண்டும். 15 நிமிஷம் கழித்துத் திரும்பச் சோதிக்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு தரம். அப்புறம் பிஸ்கட்டோ சாப்பாடோ. 'போய் ஹெச்.எம். ரூம்ல படு' என்று தனியாக மட்டும் அனுப்பவே கூடாது. பாதி வழியில் விழுந்துவிடும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எம்.பி.பி.எஸ். வேண்டாம். அரை நாள் போதும்.

இதற்கு விதி எதுவும் இல்லையா? இருக்கிறது. சி.பி.எஸ்.இ. 2017-லேயே சர்க்கரை நோயுள்ள பிள்ளைகள் பொதுத்தேர்வுக்கு மிட்டாய், பழம், சிற்றுண்டி, தண்ணீர் கொண்டுபோகலாம் என்று அனுமதித்தது. 2023 மார்ச்சில் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் எல்லா மாநிலங்களுக்கும் கடிதம் எழுதியது. வகுப்பு நடக்கும்போதே சோதித்துக்கொள்ளலாம், ஊசி போட்டுக்கொள்ளலாம், இடையில் சாப்பிடலாம், டாக்டர் சொன்னபடி விளையாடலாம், தேர்வு அறைக்கு குளுக்கோமீட்டர் வரலாம் என்று புட்டுப் புட்டு வைத்திருந்தது. அதே ஜூலையில் உத்தரப்பிரதேசம் அதை ஒட்டித் தன் பள்ளிகளுக்கு உத்தரவு போட்டது.

உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியின் ஸ்டாஃப் ரூமில் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் 'ஓ, தெரியுமே!' என்கிறார்கள் என்று பாருங்கள். கடிதத்துக்கும் ஆணைக்கும் உள்ள வித்தியாசம் அப்போது புரியும். கடிதம் ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆணை என்றால்தான் ஹெச்.எம். படித்துப் பார்ப்பார்.

'எல்லாம் சரிங்க. ஊசி விஷயம். ஏதாச்சும் ஆயிட்டா யாரு பொறுப்பு?' இது நியாயமான பயம். ஆனால், ஒன்றும் செய்யாமல் விட்டு ஏதாவது ஆனால் மட்டும் யாரும் பொறுப்பில்லையா? இங்கிலாந்தில் 2014-ல் சட்டமே கொண்டுவந்தார்கள். நாள்பட்ட நோயுள்ள பிள்ளைக்கு ஏற்பாடு செய்துதர வேண்டியது அரசுப் பள்ளிகளின் கடமை. அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2018-ல் 'மிட்டாயி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். சர்க்கரைப் பிள்ளைகளுக்கு மிட்டாய் என்று பேர் வைக்க ஒரு தைரியமும் கனிவும் வேண்டும். இன்சுலின், பேனா ஊசி, சோதனைக் கருவி, சிலருக்குப் பம்ப் வரை இலவசம்.

தமிழ்நாடு பள்ளிப் பிள்ளைகளை வயிறு வாடவிடாத மாநிலம். 1982-ல் சத்துணவு, 2022-ல் காலை உணவு. தேசத்துக்கே வழிகாட்டினோம். சாப்பாடு போட்ட ஊருக்கு, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பிள்ளை கௌரவமாக ஊசி போட்டுக்கொள்ள ஒரு நாற்காலி போட முடியாதா?

பி.காம். படித்தவன், கணக்கில்லாமல் பேச மாட்டேன். ஒரு டப்பா குளுக்கோஸ், நூறு ரூபாய்க்குள். ஒரு குளுக்கோமீட்டர், ஆயிரம் ரூபாய் வாக்கில். டாக்டர் கையெழுத்தோடு பிள்ளைக்கு ஒரு பக்கத் தாள்: எப்போது ஊசி, எப்போது தின்பண்டம், யாருக்கு போன். ரெண்டு ஆசிரியர்களுக்கு அரை நாள் பயிற்சி. மருந்தை வெயிலில் காக்க ஃப்ரிட்ஜ் இல்லையா? ஈர மணல் போட்ட பானைக்குள் ஒரு சின்னக் கலயம். ஒரு பள்ளிக்கு மொத்தச் செலவு, ஆண்டுவிழா மேடை அலங்காரத்துக்குக்கூட வராது.

வீட்டுக் கணக்கைப் பாருங்கள். நாளைக்கு நாலு முறை சோதித்தால் மாதம் 120 ஸ்ட்ரிப். ஒன்று 15 ரூபாய் என்று வைத்தாலும் 1,800 ரூபாய். மில் கூலியில் இது என்ன பங்கு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். அதனால்தான் பல வீடுகளில் சோதனை நாளுக்கு ஒன்றாகி, பிறகு வாரத்துக்கு ஒன்றாகிறது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் டைப் 1 இல்லை. அதனால் அந்த வழியாக வரும் சலுகையும் இல்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. 'வெளில தெரிஞ்சா நாளைக்குப் பொண்ணை யாரு கட்டுவா?' என்று பள்ளியில் மறைக்கிறீர்கள். உங்கள் பயத்துக்கு இந்தச் சமூகம்தான் காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால், பதினோரு மணிக்கு மயங்கி விழுகிற பெண்ணைக் காப்பாற்றப்போவது பக்கத்து பெஞ்சுத் தோழிதான். அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? 'ஊசியை நிறுத்து, வேரோடு குணமாக்குகிறேன்' என்பவரிடம் தயவுசெய்து போகாதீர்கள். இன்சுலினை நிறுத்தினால் டைப் 1 பிள்ளையின் ரத்தத்தில் அமிலம் ஏறி, சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

'இந்தப் புள்ள ஓடக் கூடாது, ஆடக் கூடாது' என்று ஓரமாக உட்கார வைக்கும் பி.டி. மாஸ்டர்களுக்கு ஒரு ஞாபகம். 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நம்மை ஜெயித்த பாகிஸ்தான் அணியை, எழுந்து நின்று கைதட்டி அனுப்பியது சென்னை ரசிகர் கூட்டம். அந்த அணியின் கேப்டன் வாசிம் அக்ரம். அவருக்கு 1997-லேயே சர்க்கரை கண்டுபிடித்திருந்தார்கள். இன்சுலின் போட்டுக்கொண்டுதான் அந்த ஓட்டம் ஓடினார். 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் போட்டியின் 500-வது விக்கெட்டும் எடுத்தார். ஓடக் கூடாது என்பதில்லை. ஓடுவதற்கு முன்னால் சோதித்துவிட்டு, பாக்கெட்டில் குளுக்கோஸோடு ஓட வேண்டும்.

திண்டுக்கல்லுக்கு என்ன குறை? 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டாக்டரான சௌந்தரம் அம்மையார் 1947-ல் காந்திகிராமத்தைத் தொடங்கி, படிப்பையும் மருத்துவத்தையும் கிராமத்து வாசலுக்குக் கொண்டுவந்த மண் இது. மருத்துவக் கல்லூரியும் கல்வித் துறையும் கைகோத்தால், நத்தம் முதல் ஒட்டன்சத்திரம் வரை பள்ளிக்கு ரெண்டு ஆசிரியர்களை ஒரே கல்வியாண்டில் பயிற்றுவித்துவிடலாம். கூடவே, அரசு, உதவிபெறும், மெட்ரிக் என்று எல்லாப் பள்ளிகளையும் கட்டுப்படுத்துகிற ஓர் ஆணை வேண்டும். அதில் முதல் வரி இப்படி இருக்கட்டும்: இந்தப் பிள்ளை கேட்டால் கேள்வி கேட்காமல் பாத்ரூமுக்கு அனுப்பு.

ஆணை வரும்போது வரட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டமோ, பெற்றோர் ஆசிரியர் கழகமோ, அடுத்த தரம் போகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் பிள்ளைக்குச் சர்க்கரை இல்லாவிட்டாலும் கேளுங்கள். 'இந்த ஸ்கூல்ல குளுக்கோஸ் டப்பா எங்க இருக்கு?' ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள் என்றால், எதிர்க் கடையில் ஒன்று வாங்கி ஹெச்.எம். மேஜையில் வைத்துவிட்டு வாருங்கள்.