ஒன்றரை அங்குலம்

ஸ்போட்ஸ் கார் என்றால் தரையோடு ஒட்டிக் கிடக்கவேண்டும் என்பது அதனை விரும்புவோர் யாவர்க்கும் உடன்பாடான கொள்கை. இது வெறும் அழகு நோக்கி எழுந்த ஆசையன்று. வண்டி வளைவிலே திரும்பும்போது அதன் பாரம் உட்புறச் சக்கரங்களை விட்டு வெளிப்புறச் சக்கரங்களின் மேற் சாய்கின்றது. புவியீர்ப்பு மையம் எவ்வளவுக்கு உயர்ந்திருக்கின்றதோ அவ்வளவுக்கு இச்சாய்வும் மிகும். பௌதிகம் கற்கும் மாணவன் இதனைக் கணக்கிட்டு அறிவான். தலையிலே கடகத்தைச் சுமந்துகொண்டு மூலை திரும்பி ஓடியவன் கணக்கில்லாமலே அறிவான்.

அவ்வாறாயின் ஸ்போட்ஸ் காரை வேண்டுமென்றே உயர்த்திச் செய்வார் உண்டோ? செய்தார்கள்.

இங்கிலாந்திலே ஒக்ஸ்போட்டுக்கு அண்மையிலுள்ள அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்னும் கார் செய்யப்பட்டது. 5 இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் அங்கிருந்து வெளிவந்தன. அவற்றின் பெரும்பகுதியை வாங்கியவர்கள் அமெரிக்கர்கள். ஆகவே அமெரிக்கச் சட்டத்துக்கு அபிங்டன் செவிசாய்க்க வேண்டியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் அந்நாட்டு அரசாங்கம் ஒரு விதி செய்தது. மணிக்கு 5 மைல் வேகத்தில் முட்டினாலும் விளக்கு முதலியவை பழுதுபடலாகாது. நிலத்திலிருந்து 16 முதல் 20 அங்குலம் வரையுள்ள உயரத்தில் விழும் அடியைப் பம்பர் தாங்கவேண்டும். விதியின் நோக்கத்திலே குறை சொல்ல நாம் ஒருப்படோம். ஒரு காரின் பம்பர் மற்றக் காரின் விளக்குக்கு நேராக இருந்தால் சிறு முட்டலும் பெருஞ் செலவாகிவிடும் அல்லவா?

புதிய வண்டியொன்றை வரைந்து இதற்கு விடை காண்பதே முறை. ஆனால் உரிமை நிறுவனமாகிய பிரிட்டிஷ் லேலண்ட் அப்போது பணமுடையில் உழன்றுகொண்டிருந்தது. 1975இல் அரசாங்கமே அதனைக் கையேற்க நேர்ந்தது. எனவே 1974இன் பிற்பகுதியில் எளிய வழியைக் கைக்கொண்டார்கள். முன்னும் பின்னும் பருத்த கரிய பம்பர்களைப் பொருத்தி, வண்டி முழுவதையும் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் தூக்கிவிட்டார்கள். றப்பர் பம்பர் என்பது அதற்கு வழங்கும் பெயர். உண்மையில் அது உருக்குச் சட்டத்தைப் போர்த்திய பொலியூரிதேன். அமெரிக்காவுக்கெனப் பிறந்த மாற்றம் இங்கிலாந்திலே விற்ற வண்டிக்கும் வந்து சேர்ந்தது. போதாக்குறைக்கு, வளைவிலே உடல் சரியாமல் முன்சக்கரங்கள் இரண்டையும் பிணைத்திருந்த தடுப்புத் தண்டையும் நீக்கிவிட்டார்கள். காய்ச்சலைக் கொடுத்துக் கசாயத்தையும் பறித்த கதைதான். 1977ஆம் ஆண்டு மாதிரியிலே முன்னும் பின்னும் தண்டு பூட்டி நோயைத் தணித்தனர். உயரமோ குறையவில்லை. அமெரிக்கர் 1982இல் அந்த 5 மைலை இரண்டரையாகத் தளர்த்தினர். அதற்கு முன்பே, 1980 ஒக்டோபரில், அபிங்டன் மூடப்பட்டுவிட்டது.

இத்தகைய வண்டியை வைத்திருப்போர் அதனைப் பழைய உயரத்துக்கு இறக்க விரும்புவது நியாயமே. அவர்கள் புதுமை செய்யவில்லை, பறிபோனதை மீட்கின்றார்கள். ஆனால் இறக்கும் முறையிலேதான் விபரீதம் புகுகின்றது.

கைக்காசு குறைந்தவர்கள் முதலில் நாடுவது வாள். முன்புறச் சுருள்வில்லில் ஒரு சுற்றை அறுத்துவிட்டால் வண்டி தாழ்ந்துவிடும். வேலை செய்யும் சுற்று எட்டுள்ள வில்லில் ஒன்றை அறுத்தால், எஞ்சிய வில் முன்னிலும் ஏழில் ஒரு பங்கு விறைக்கும். அதுவாவது ஓரளவுக்கு நன்மையென்று கொள்ளலாம். ஆனால் சக்கரம் கீழே தொங்கும் வேளையில் குட்டையான வில் தளர்ந்து தன் இருக்கையை விட்டு விலகக்கூடும். வேறு சிலர் வில்லைத் தீயில் வாட்டிக் குறுக்குவர். உருக்கின் பதம் போனபின் அது வில்லன்று, வளைந்த கம்பி. அளவாகச் செய்த குட்டை வில் கடையிலே கிடைக்கும்போது இவ்விரண்டையும் நாம் ஒருபோதும் ஆதரிக்கமாட்டோம்.

பின்புறத்தில் இருப்பது தகட்டுவில். அச்சுக்கும் வில்லுக்கும் நடுவே ஓர் உலோகக் கட்டையை வைத்து, நீண்ட பிணைப்பாணிகளால் இறுக்கினால் உடல் தாழும். வேலை இலகுவானது, இங்கேதான் கவனம் மிக வேண்டும். அச்சுக்கு மேலே உடலில் ஒரு றப்பர்க் குற்றி உண்டு. பள்ளத்தில் விழுந்த சக்கரம் மேலெழும்போது அச்சு அதில் மோதி நிற்கும். உடலை இறக்க இறக்க அந்த இடைவெளி சுருங்கும். ஒன்றரை அங்குலத்தோடு அமையாது, பார்வைக்கு இன்னும் தாழட்டும் என்று மூன்று அங்குலம் இறக்கியவனுடைய வண்டி, வேகமாக வளைவில் திரும்பும்போது வெளிப்புறத்துக் குற்றியிற் போய் இடிக்கும். இடித்த கணத்திலே வில் வேலை செய்யாது. பாரம் முழுவதும் ஒரே அடியாக ரயரின் மேல் இறங்கும். ரயர் பிடி விடும். வண்டியின் பின்புறம் வெளியே வீசப்படும். மழை பெய்த வீதியாயின் என்ன ஆகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. தாழ்வாயிருக்கிறது, ஆகவே தரையைப் பற்றும் என்று நம்பி அவன் வேகத்தைக் கூட்டியிருப்பான் என்பதே இதிலுள்ள கொடுமை.

முன்புறத்துக்கு வேறொரு வழியும் உண்டு. பழைய மாதிரியின் குறுக்குச் சட்டத்தையே தேடிப் பூட்டுவோர் உளர். இதில் வில்லும் கைகளும் தமக்குரிய கோணத்திலேயே நிற்கும். ஆயினும் சுக்கான் தண்டின் இணைப்பு நேராக வராது. அதனையும் திருத்தியாக வேண்டும். செலவு மிகுதி, வேலையும் மிகுதி. நம்மைக் கேட்டால், தடுப்புத் தண்டு இல்லாத வண்டிக்கு முதலில் அந்தத் தண்டைப் பூட்டி ஓட்டிப் பார்க்கச் சொல்வோம். வளைவிலே சரிகின்ற குறை அதனாலேயே பெரும்பாலும் அடங்கும். இறக்குவதைப் பிறகு யோசிக்கலாம்.

எவ்வழியில் இறக்கினாலும் சக்கரங்களின் நேரைப் புதிதாக அளந்து சரிசெய்தல் வேண்டும். இல்லையேல் புது ரயரும் சில மாதங்களில் ஒரு பக்கம் தேய்ந்துவிடும். முன்விளக்குகளையும் மறத்தலாகாது. வண்டி தாழ்ந்த அளவுக்கு அவற்றின் ஒளி கிட்டவே விழும். முன்புறம் பின்புறத்தைவிடக் கூடுதலாகத் தாழ்ந்திருந்தால், இரவிலே ஓட்டுபவன் தன் மூக்குக்கு முன்னுள்ள தார் வீதியை மட்டுமே காண்பான்.