வெளி மாநில டிக்கெட்

அமெரிக்காவில் வேறு மாநிலத்துக்குக் காரில் போய் வேகத்துக்காக மாட்டினால், "ஊருக்குப் போயிட்டா யாரு கேப்பா? தூக்கிப் போடு" என்று சொல்ல ஒரு நண்பர் எங்கும் இருப்பார். கேட்பார்கள். 1977-ன் மாநிலங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தில் பெரும்பாலான மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன. டிக்கெட்டுக்குப் பதில் போகாவிட்டால் சொந்த மாநிலமே லைசென்ஸை முடக்கும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு செக் அனுப்புவதும் சரியில்லை. பணம் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு; இன்ஷூரன்ஸும் ஏறலாம். வர்ஜீனியாவில் 70 மைல் சாலையில் 86-ல் போனாலே கிரிமினல் குற்றம். அதிகபட்சம் 12 மாதம் ஜெயில், 2,500 டாலர் அபராதம். (2020-ல் சட்டத்தை மாற்றும்வரை 81-க்கே இந்தக் கதி!) அங்கே வக்கீல் செலவுக்கு யோசிப்பது அசட்டுத்தனம்.

உள்ளூர்க்காரர் அரைநாள் லீவு போட்டு கோர்ட்டில் வாதாடலாம். 500 மைல் தள்ளி இருப்பவருக்குப் பெட்ரோலும் ஹோட்டலுமே அபராதத்தைத் தாண்டிவிடும். தப்பே செய்யாதவரும் கட்டித் தொலைப்பார். இது அநியாயம். கலிபோர்னியாவில் அபராதத்தை முன்பணமாகக் கட்டிவிட்டு எழுத்து மூலமே வழக்காடலாம். ஜெயித்தால் பணம் திரும்ப வரும். மற்ற மாநிலங்களும் இதைத் தரவேண்டும். அதுவரை, கெடு தேதிக்குள் கோர்ட் கிளார்க்குக்குப் போன் போட்டு, நேரில் வராமல் முடிக்க வழியுண்டா என்று கேட்டுவிடுங்கள்.