படம் காட்டினால் பாடம் ஆகுமா?

தமிழகத்தில் பல அரசுப் பள்ளிகளில் கரும்பலகைக்குப் பக்கத்திலே திரையும் வந்துவிட்டது. நல்ல காரியம்தான்! ஆனால் எல்லா மென்பொருளும் ஒரே ரகமல்ல.

2018-ல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கியூ.ஆர். கோடு. 2023-ல் 'மணற்கேணி' செயலி. இரண்டிலும் பெரும்பாலும் வீடியோ பாடங்கள். பிள்ளைகள் பார்க்கலாம், கேட்கலாம்.

'ஃபெட்' வேறு ரகம். நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இலவசம். தமிழிலும் உண்டு. பாட்டரி, வயர், பல்பைத் திரையிலேயே பிள்ளைகள் இணைக்கலாம். சரியாக இணைக்காவிட்டால் பல்பு எரியாது. ஏன் எரியவில்லை என்று மண்டையைக் குடைவார்கள். அதுதான் படிப்பு!

கணக்குக்கு 'ஜியோஜீப்ரா'. முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மாறும். கூட்டிப் பார்த்தால் அதே 180 டிகிரி!

இதையும் வாத்தியாரே தட்டித் தட்டிக் காட்ட, 40 பிள்ளைகள் வாய் பார்த்தால்? அது வகுப்பறை அல்ல, டூரிங் டாக்கீஸ்.

"அடுத்து என்ன ஆகும், சொல்லு பார்ப்போம்" என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு பிள்ளைகளையே இயக்கவிட வேண்டும்.

திரைக்குச் செலவழித்த அரசு, ஆசிரியருக்குப் பயிற்சியும் நேரமும் கொடுக்கட்டும். டியூஷனுக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பறையை விட்டால் வேறு கதி ஏது?