மருந்து டின் சுமந்தவர்களுக்காகப் பேசிய அம்மையார்

மார்ச் 31 வந்தால் தோட்டத்து மக்கள் ஒருவரை நினைக்க வேண்டும். 2014-இல் அந்த நாளில்தான் ஐரின் பெர்னாண்டஸ் அம்மையார் மறைந்தார். ரெங்கத்தில் அவர் பெயரைக் கேட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? "கோலாலம்பூரில் கோர்ட்டு கேசு என்று அலைந்தாரே, அவரா?" என்று சிலர் சொல்லக்கூடும். அவர் தோட்டத்துப் பிள்ளைதான் ஐயா! இந்தியாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். 1946-இல் கெடா, சுங்கைப் பட்டாணியில் பிறந்து, ரப்பர் தோட்டத்திலே வளர்ந்தவர்.

படித்து ஆசிரியை ஆனார். வாத்தியார் வேலை கிடைத்தால் கரையேறிவிட்டோம் என்றுதான் நாம் நினைப்போம். அதில் தப்பும் இல்லை. அவரோ 23 வயதில் அதை உதறிவிட்டு, தமது கத்தோலிக்க சமயத்தின் இளங் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் ஊழியம் செய்யப் போனார். நெசவாலைப் பெண்கள் சங்கம் அமைக்கத் துணை நின்றார். அவருடைய ஜெபம் கோயில் வாசலோடு நிற்கவில்லை. மூன்று பிள்ளைகளுக்குத் தாயாக இருந்துகொண்டே, 1991-இல் பெண் தொழிலாளர்களுக்காகத் 'தெனாகனித்தா' அமைப்பையும் தொடங்கினார்.

தடுப்பு முகாம்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் படும் பாட்டை, 300-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு 1995-இல் அறிக்கையாக வெளியிட்டார். பொய்ச் செய்தி என்று மறு வருடமே வழக்கு. ஏழு ஆண்டுகள் இழுத்தடித்து 2003-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் 2008-இல்தான் விடுதலையானார்.

"அந்நியனுக்கு எதற்கு வக்காலத்து?" என்று நம்மில் சிலர் முணுமுணுப்பது உண்டு. நம் தாத்தாவும் பாட்டியும் கப்பலை விட்டு இறங்கிய அன்று அவர்களுக்கு என்ன பெயர்? இன்று பக்கத்து லயத்தில் குடியிருக்கும் வங்காளதேசத்துப் பையனுக்கும் அதே பெயர்தானே!

நம் பெண்களுக்கு அவர் செய்தது தனிக்கதை. முதுகில் டின்னைச் சுமந்து செம்பனைக்கு மருந்தடிக்கும் பெண்களுக்கு நகம் கெட்டுப் போவதும், மூக்கில் ரத்தம் வடிவதும், கண் எரிவதும் ஏன்? 'பாராகுவாட்' என்ற களைக்கொல்லி. வயிற்றுக்குள் போய்விட்டால் முறிக்க மாற்று மருந்தே கிடையாது. 2002-இல் தெனாகனித்தா இன்னோர் அமைப்போடு சேர்ந்து, தோட்டத்து மருந்தடிப்புப் பெண்களைக் கண்டு பேசி அறிக்கை கொண்டுவந்தது. அதே ஆண்டு அந்த மருந்தைப் படிப்படியாக நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஆனால் 2006-இல் தடை தளர்ந்து, டின் மறுபடியும் பெண்களின் முதுகில் ஏறியது.

முழுத்தடை அமலுக்கு வந்தது 2020 ஜனவரி முதல் தேதி. அம்மையார் அதைப் பார்க்கவில்லை. இப்போது பெரட்டில் ஊற்றிக் கொடுக்கிற மருந்தின் பெயர் என்ன என்று எந்தப் பெண்ணாவது மண்டோரிடம் கேட்கிறாளா? கேளுங்கள் தாய்மாரே.